ஒரு கிரேக்கத் தீவும் சீலிங் வெள்ளையும்

என் மனைவி கீறிய கடைசிப் படத்தைப் பழுதாக்கியவன் நான்தான். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களின் வாயில் விழுந்த கதைக்கு ஒரு கிழமைக்குள் கையும் காலும் முளைத்துவிடும். நான் படத்தைக் கிழித்து எறிந்ததாகக்கூட இந்நேரம் பேச்சு வந்திருக்கலாம். கிழிக்கவில்லை. பெயின்ற் அடித்தேன். அது என் தொழில்.

ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாம் மாதம் பிரஷ் பிடித்தவன் நான். முழங்கால் இரண்டும் இனி ஏணியில் ஏறமாட்டோம் என்று அடம்பிடிக்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. நகரத்தின் கிழக்கே ரூஜ் பக்கத்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிய காலத்தில் விடிந்தால் அங்கேதான் நிற்பேன். யாருடைய புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனாலும் எனக்குச் சாப்பாடு பிறகுதான். முதலில் அண்ணாந்து பார்ப்பேன். சுவரின் நிறமும் சீலிங்கின் வெள்ளையும் சந்திக்கிற கோடு நேராக ஓடுகிறதா, எங்காவது பூசாமல் விட்டிருக்கிறார்களா என்று கண் தானாகத் தேடும். பூசாமல் விட்ட இடத்துக்கு எங்கள் வேலையில் ‘ஹொலிடே’ என்று பெயர். போர்மன் சுவரைச் சுட்டிக்காட்டி அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு பெயின்ரருக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை.

“உங்கட கண்ணைக் காருக்கை விட்டிட்டு வாங்கோ. வந்த இடத்திலை வீட்டுக்காரருக்கு நெஞ்சிடிக்கப் போகுது,” என்று மனைவி முழங்கையால் இடிப்பாள்.

அவள் வேலை செய்தது பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில். வெட்டிய பாண் பையில் விழுகிற பெல்ற்றில் அவளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றவர் ஒரு கிரேக்கப் பெண்மணி. அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை. ஆனாலும் வீட்டுக்கு வந்தால், “அவ இண்டைக்கு என்ன சொன்னவ தெரியுமே” என்றுதான் இவளுக்குக் கதை தொடங்கும். அந்தப் பெண்மணி வேலையை விட்டுப் போன நாளில் ஒரு போட்டோவை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கிரேக்க நாட்டுத் தீவொன்றில் அவர் பிறந்த கிராமம். மலைச்சரிவில் நெருக்கியடித்து நிற்கும் வெள்ளை வீடுகள், கீழே துண்டுக் கடல். நடுவில், வெளிப்பக்கமாகப் படிக்கட்டு ஏறுகிற வீடு அவருடையது. தாய் தகப்பன் போனபிறகு அது பூட்டியே கிடக்கிறதாம்.

அந்தப் போட்டோ பல வருஷம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கிடந்தது. மகள் படித்து முடித்து, மனைவியும் வேலையை விட்டபிறகு, மில்லிக்கனில் வீட்டுக்குப் பக்கத்துக் கொம்யூனிற்றி சென்ரரில் செவ்வாய்க்கிழமை காலையில் வோட்டர்கலர் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். சும்மா பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். போன முதல் மாதமே அந்தப் போட்டோவைக் கதவிலிருந்து கழற்றிக்கொண்டு போனாள். அதன்பிறகு அவள் வேறொன்றும் கீறவில்லை. வகுப்பில் மற்றவர்கள் மேப்பிள் மரம், வாத்து, பூச்சாடி என்று மாறி மாறிக் கீறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அதே மலை, அதே வீடுகள், அதே துண்டுக் கடல்.

“உலகத்திலை வேறை இடமே இல்லையோ உமக்கு?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். சாப்பாட்டு மேசை முழுவதும் தண்ணீர்ப் போத்தலும் கடதாசியும். சாப்பாட்டுக் கோப்பை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட கோபம் எனக்கு.

“இதை முதல் சரியாய்க் கீறுவம்,” என்றாள்.

என் தமக்கை வந்திருந்தபோது இன்னொரு விதமாகக் கேட்டார். மன்னாரில் பிறந்த பிள்ளை, எங்கள் கடற்கரையையும் கோயிலையும் கீறாமல் யாரோ ஒருவருடைய ஊரைக் கீறுகிறதே என்று. மனைவி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“எங்கட இடமெண்டால் எல்லாரும் வந்து பிழை பிடிப்பினம் மச்சாள். அந்தோனியார் சுரூபம் உந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கமெண்டு. இதிலை பிழை சொல்ல ஒரேயொரு ஆள்தான் இருக்கிறா. அவ சரியெண்டு சொன்னாக் காணும்.”

நூலகத்திலிருந்து அந்தத் தீவுகளைப் பற்றிய புத்தகங்களை எடுத்துவந்து வாசிப்பாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் இருந்து சொல்லத் தொடங்குவாள். அந்தக் கிராமம் ஏன் கடற்கரையில் இல்லாமல் மலையில் ஏறி நிற்கிறது தெரியுமா? கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து. ஒரு வீட்டின் முதுகோடு இன்னொரு வீட்டை ஒட்டிக் கட்டி, வெளிச்சுவர் எல்லாம் சேர்ந்து கோட்டை மதில்போல ஆகிவிடுமாம். வீடுகளுக்கு நடுவே ஓடுகிற ஒழுங்கைகளை வேண்டுமென்றே வளைத்து வளைத்து விட்டார்களாம், உள்ளே வந்தவன் வழி தெரியாமல் திண்டாடட்டும் என்று. அப்போது வீடுகளுக்கு வெள்ளையே கிடையாது. கல்லின் நிறத்திலேயே விட்டிருந்தார்கள், கடலிலிருந்து பார்த்தால் மலையா ஊரா என்று தெரியக்கூடாது என்பதற்காக.

“வெள்ளை அடிச்சிருந்தா கள்ளனுக்குக் கைகாட்டிக் கூப்பிட்ட மாதிரித்தானே,” என்பாள்.

பயம் போனபிறகு வெள்ளை வந்தது. ஒரு காலத்தில் ஊரூராக நோய் பரவியபோது, சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும் என்று எல்லா வீட்டுக்கும் அடிக்கச்சொல்லி அரசாங்கமே கட்டளை போட்டதாம். பிறகு அதுவே வழக்கமாகி, ஒவ்வொரு வருஷமும் உயிர்த்த ஞாயிறுக்கு முன் வீடு, படி, ஒழுங்கை எல்லாவற்றுக்கும் பெண்கள் வெள்ளை அடிப்பார்கள். அந்தப் பெண்மணி பிள்ளையாக இருந்த காலத்தில் போர். ஊரில் பட்டினி. அந்த வருஷங்களிலும் அவருடைய தாய் சுண்ணாம்பு அடிக்கத் தவறவில்லையாம். பிறகு இளம் ஆட்கள் கப்பலேறினார்கள். சிலர் அவுஸ்திரேலியாவுக்கு, சிலர் இங்கே. வெள்ளை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது.

“அப்ப எனக்கு அங்கை நல்ல வேலை கிடைச்சிருக்கும்,” என்றேன், கண்ணை ரீவியிலிருந்து எடுக்காமல். அவள் சிரித்தாள். எனக்கு நினைவிருக்கிற மட்டில் அந்த வரலாற்றுக்கு நான் சொன்ன ஒரே பதில் அதுதான்.

இதற்கிடையில் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமைத்தாலே வாங்கியது. ஒப்பரேஷனுக்குக் காத்திருந்த அந்த மாதங்களில்தான் வகுப்பு ரீச்சர், ஹொங்கொங்கிலிருந்து வந்த அமைதியான மனிதர், மே மாதக் கண்காட்சிக்கு ஒரு பெரிய படம் செய்து தரச்சொல்லி இவளிடம் கேட்டார். அந்த வகுப்பிலிருந்து ஆறு பேரைத்தான் தெரிந்தெடுத்திருந்தார். செய்தியைச் சொன்னபோது அவள் முகம் பள்ளிக்கூடத்தில் முதற்பரிசு வாங்கிய பிள்ளையின் முகமாக இருந்தது.

அந்தப் பெண்மணி இப்போது ஒரு முதியோர் இல்லத்தில், சக்கர நாற்காலியில். ஊருக்குப் போய்வருகிற காலமெல்லாம் முடிந்துவிட்டது. மனைவி அவருடைய மகனோடு போனில் பேசி, கண்காட்சிக்குக் கட்டாயம் கூட்டிவருவதாக வாக்கு வாங்கினாள்.

“அவ தன்ரை வீட்டை ஒருக்காப் பாக்கவேணும். நான் கீறுறது அதுக்குத்தான்,” என்றாள்.

இருபது நிமிஷம் கீறுவாள், அரை மணித்தியாலம் படுப்பாள். திரும்ப வந்து கீறுவாள். ஒருநாள் மேசைக்குப் பக்கத்தில் கசக்கி எறிந்த பெரிய கடதாசிகள் மூன்று கிடந்தன. நல்ல கடதாசி, தடித்தது. என்ன பிழை என்று விரித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. கேட்டதற்கு, “கதவு சரிவரேல்லை,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு ஒரு கிழமை இருக்கும்போது நெஞ்சில் நீர் கட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒப்பரேஷனை முந்திச் செய்யவேண்டும், கண்காட்சி முடிந்து வருகிற திங்கட்கிழமை என்றார்கள். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

“படம் மேசையிலை போர்டோடை இருக்கு. டேப்பைக் கழட்டாதேங்கோ. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு முதல் அப்பிடியே கொண்டுபோய் ரீச்சரிட்டைக் குடுங்கோ. அப்பிடியே. விளங்குதே?”

“ஓமப்பா, விளங்குது. நான் என்ன சின்னப்பிள்ளையே,” என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து, மேசைக்கு முன்னால் நின்று அந்தப் படத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். மலை வந்திருந்தது. கடல் வந்திருந்தது. பக்கத்து வீடுகளின் நிழல் விழுந்த சுவர்கள் நீலமும் ஊதாவுமாக வடிவாக வந்திருந்தன. ஆனால் நடுவீடு, அந்தப் பெண்மணியின் வீடு, வெளிப்படிக்கட்டைத் தவிர வெறும் கடதாசி. பென்சில் கோடுகூட அங்கங்கே தெரிந்தது. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு தீற்றல், அழுக்குத் தண்ணீர் வடிந்து காய்ந்ததுபோல. கடலிலும் சின்னச் சின்னப் பொட்டுகளாகக் கடதாசி தெரிந்தது.

பாவம், முடிக்க ஏலாமல் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவளுடைய வர்ணப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீலத்திலேயே நான்கு வகை இருந்தது. வெள்ளை ரியூப் ஒன்றுகூட இல்லை. முடிந்துபோயிருக்கிறது, வாங்கித் தாருங்கள் என்று கேட்கவும் இல்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எத்தனை வீட்டுக்கு வெள்ளை அடித்தவன் வீட்டில் இருக்கும்போது, அவள் வெள்ளையில்லாமல் இருந்திருக்கிறாள்!

கராஜுக்குப் போனேன். அங்கே வெள்ளையில் மட்டும் ஏழெட்டு வாளி இருந்தது. வெள்ளை என்றால் ஒன்றல்ல. மஞ்சள் ஓடுகிற வெள்ளை, சாம்பல் ஓடுகிற வெள்ளை, மினுங்குகிறது, மினுங்காதது என்று எத்தனையோ. யோசித்து, மினுக்கமே இல்லாத சீலிங் வெள்ளையை எடுத்தேன். அளவாகத் தண்ணீர் கலந்தேன். என்னுடைய பிரஷ்களில் ஆகச் சிறியதை எடுத்துக் கழுவித் துடைத்தேன். டேப் ஒட்டாமலே வீட்டின் விளிம்பைப் பிடித்துக் கோடு இழுத்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த அழுக்குத் தீற்றல் தெரியாமல் நன்றாக மூடினேன். கடலில் விட்டிருந்த பொட்டுகளையும் அவளுடைய நீலத்தைத் தொட்டு ஒவ்வொன்றாக நிரப்பினேன். காய்ந்தபிறகு இரண்டாவது கோட் பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நேர்த்தியான வேலை. எங்கேயும் ஒரு ஹொலிடே இல்லை.

அவளுக்காக நான் கவனமெடுத்துச் செய்த வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்லவேண்டும்.

நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் ரீச்சர் மேலே சுற்றியிருந்த துணியை எடுத்தார். பார்த்தார். படத்தை யன்னல் பக்கம் திருப்பித் திரும்பவும் பார்த்தார். பிறகு, இதைச் செய்தது யார் என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்கு முடிக்க ஏலவில்லை, நான் முடித்தேன், முப்பது வருஷமாக இதுதான் என் வேலை என்று கொஞ்சம் பெருமையோடேயே சொன்னேன்.

அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். வோட்டர்கலரில் வெள்ளை என்று ஒரு வர்ணம் எடுக்கிறதில்லை, தன் வகுப்பில் யாருமே எடுப்பதில்லை என்றார். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விடவேண்டும். சுற்றியுள்ளதை எல்லாம் கீறி, அந்த இடத்தை மட்டும் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். வெயில் பட்ட சுவர் அந்தக் கடதாசிதான். கடலில் மினுங்குவதும் கடதாசிதான். உன் மனைவி இந்தப் படத்தை முடித்துவிட்டாள், முடித்துவிட்டேன் என்று எனக்குப் போன் பண்ணியும் சொன்னாள் என்றார்.

நான் எரிந்து விழுந்தேன். வீடு வெள்ளை என்றால் வெள்ளை அடிக்கத்தானே வேண்டும், இதென்ன புதுக் கதை என்று ஏதோ கத்தினேன். அவர் கோபப்படவில்லை. விரலை அந்த வெள்ளையின் நடுவில், படத்தில் படாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இங்கே ஒரு கதவு இருந்தது. ஒரேயொரு தீற்றலில். அது சரியாக வருவதற்கு மூன்று கடதாசி பழுதாக்கினேன் என்று அவள் போனில் சொன்னாள்.”

கழுவி எடுக்கலாமா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. காய்ந்தால் அசையாது என்பதற்காகத்தான் அந்தப் பெயின்றை வீட்டுக்கு வீடு அடித்தேன். ஆனாலும் படத்தைக் காருக்குக் கொண்டுபோய், பார்க்கிங்கில் வைத்து, பிளேட்டால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். கடதாசியும் சேர்ந்து உரிந்து வந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டவா என்று ரீச்சர் கேட்டார். அந்த அம்மா வரப்போகிறா, மாட்டுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவள் கேட்ட முதற்கேள்வி, “குடுத்திட்டீங்களே?”

“குடுத்திட்டன்.”

“அப்பிடியே?”

“ஓம்.”

மறுநாள் சனிக்கிழமை கண்காட்சிக்கு மகளும் நானும் போனோம். மகளுக்கு நான் செய்தது தெரியாது; அவள் தாயின் படத்தை அதற்கு முன் பார்த்ததும் இல்லை. அந்தப் பெண்மணியை மகன் தள்ளிக்கொண்டு வந்தார். சுருங்கிச் சிறுத்துப்போயிருந்தார். கறுப்பு உடுப்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. படத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டதும் முன்னால் குனிந்து பார்த்தார். மலையைப் பார்த்துத் தலையாட்டினார். படிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார், எண்ணிக்கை சரியாக வந்தது போலிருக்கிறது, சிரித்தார். படி முடிகிற இடத்தில் விரல் நின்றது. அங்கும் இங்கும் தேடியது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“என் கதவு எங்கே?”

நான் படத்தை நேராக்குவதுபோல அதன் மூலையைத் தொட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வடிவாயிருக்கிறது, உன் மனைவிக்கு என் முத்தத்தைக் கொடு என்று சொல்லி, வீட்டுக்குப் போவோம் என்று மகனின் கையைத் தட்டினார். மகள் அதற்குள் போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில், நான் தடுக்கிறதற்குள், மகள் கட்டிலில் ஏறி இருந்துகொண்டு போனை நீட்டினாள். “அம்மா, லுக்! அவ வந்தவ! ஷி லவ்ட் இற்! உங்கட பெயின்ரிங் வாஸ் த பிக்கஸ்ற் வன் தெயர்.”

மனைவி கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டாள். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து, “நல்லா மெலிஞ்சுபோனா,” என்றாள். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நான் யன்னலுக்கு வெளியே கார்களை எண்ணுவதுபோல நின்றேன்.

“பிள்ளை, எனக்கொரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா,” என்று மகளை அனுப்பினாள். கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினை கோட் அடிச்சனீங்கள்?”

“ரெண்டு,” என்றேன்.

“ம்ம்.” போனைப் போர்வையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “விளிம்பு நல்ல நேராய் வந்திருக்கு,” என்றாள்.

அந்த இடத்தில் நான் அழுதிருக்கலாம். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகவில்லை, வரவில்லை. அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். குழாய் ஏற்றிய கை, குளிர்ந்துபோயிருந்தது.

“அவ கதவைக் கேக்கேல்லையே?”

நாளைக்கு ஒப்பரேஷன். இன்றைக்கு இவளைக் கவலைப்படுத்தக்கூடாது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

“இல்லை, ஒண்டும் கேக்கேல்லை. வடிவாயிருக்கெண்டு மட்டும் சொன்னவ.”

“அப்ப சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் கொண்டுபோனார்கள். ஒப்பரேஷன் முடிந்தது, ஆனால் அவள் கண் விழிக்கவில்லை. புதன்கிழமை குருவானவர் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். அன்று பின்னேரம் போய்விட்டாள். அவளுடைய இதயம் மிகவும் பலவீனமாக இருந்தது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். எல்லோரும் அதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் எனக்கு என் மனைவியைத் தெரியும். ஒரு கதவுக்காக மூன்று கடதாசியைக் கசக்கி எறிந்துவிட்டு நாலாவதைத் தொடங்கியவள் அவள். அந்தக் கிழவி கதவைத் தேடினாள், காணவில்லை என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால், என்னைத் திட்டுவதற்காவது, அந்தக் கதவைத் திரும்பக் கீறுவதற்காவது அவள் கண் விழித்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.